பழைய ஜென்னுக்குப் புது உயிர்

1993-ல் மாருதி ஜென் வந்தபோது சின்ன கார் என்றாலே 796 சிசி, மூன்று சிலிண்டர் மாருதி 800தான். ஜென்னுக்கோ 993 சிசி, நான்கு சிலிண்டர், ஐந்து கியர். அதன் விறுவிறுப்பில் மயங்கியவர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடித்து, வீட்டு வாசலிலேயே செப்பனிட ஆசைப்படுகிறார்கள். அதற்கு மதுரை தோதான ஊர். கடலின் உப்புக்காற்று இல்லாததால் துரு மெதுவாகவே ஏறும். ஆனாலும் பேட்டரித் தட்டையும் கால்மிதிக்குக் கீழே உள்ள தரைத்தகட்டையும் தட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

இங்கே பெரிய கவலை வெயில்தான். ஜென்னின் எஞ்சின் பிளாக் அலுமினியத்தால் ஆனது. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் சூடேறி ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். சித்திரை வெயிலில் சிம்மக்கல் நெரிசலில் நிற்கப்போகும் வண்டிக்கு, பெயின்டைவிட ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் முக்கியம். அதற்கும் முன்னால் பிரேக்.

டைமிங் பெல்ட்டின் வயது தெரியவில்லையா? உடனே மாற்றிவிட வேண்டும்.

கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் செல்போனில் படமெடுத்துக்கொள்வது புதியவருக்குப் பெரிய துணை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஆர்.டி.ஓ. சோதனைக்குப் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் சோதனையில் சிக்கல் வராமலிருக்க, முதல் ரூபாயைச் செலவிடுமுன் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.