பல்நோக்கு அரங்கில் பேச்சு ஏன் புரிவதில்லை?

பொறியியல் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கல்லூரியில் புதிதாகப் பல்நோக்கு அரங்கம் கட்டியிருக்கிறார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டால் பூப்பந்து ஆடலாம். நடுவில் தடுப்பை இழுத்துவிட்டால் இரண்டு கூடமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மேடையில் பேசுவது பத்தாவது வரிசைக்குப் பின்னால் யாருக்கும் புரியவில்லை. இன்னும் நான்கு ஸ்பீக்கர் வைத்தால் சரியாகுமா?”

ஆகாது. ஸ்பீக்கர் கூடினால் சத்தம் கூடும், தெளிவு கூடாது.

காலையில் கேம்பஸ் இன்டர்வியூ, மதியம் செமஸ்டர் தேர்வு, மாலையில் பறையாட்டம், ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்த நினைப்பது நல்ல எண்ணம். மாணவர்கள் கூடிப் பேசவும் பாடவும் இடம் இல்லாத கல்லூரி பாதிக் கல்லூரிதான். ஆனால் இத்தகைய அரங்கங்களை விற்பவர்களின் விளம்பரக் கையேட்டைப் புரட்டுங்கள். நகரும் சுவர், மடங்கும் இருக்கை, பொத்தானை அழுத்தினால் மாறும் விளக்கு எல்லாம் வண்ணப்படத்தோடு இருக்கும். எதிர்முழக்க நேரம் எத்தனை நொடி என்ற ஓர் எண்ணை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அரங்கம் உருப்படுமா, உருப்படாதா என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஆற்றல்தான் தண்ணீர். பேசுபவரின் வாயோ ஸ்பீக்கரோ தொட்டியில் விழும் குழாய். சிமென்ட் பூசிய சுவரும், டைல்ஸ் தரையும், கான்கிரீட் கூரையும் ஒழுகாத பக்கங்கள். தம் மீது மோதும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டும் உட்கவர்ந்துகொண்டு மீதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கனமான திரை, மெத்தை, மனித உடல் ஆகியவை ஓட்டைகள். குழாயைத் திறந்தால் மட்டம் ஏறும். உள்ளே வருவதும் வெளியே ஒழுகுவதும் சமமானதும் நின்றுவிடும். நமக்குக் கேட்கும் சத்தம் அந்த மட்டம்தான். குழாயை மூடிய பிறகும் தொட்டி வடிய நேரம் பிடிக்கும். ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல், குறைவதற்கு ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம்.

ஸ்பீக்கரைக் கூட்டுவது குழாயை இன்னும் கொஞ்சம் திறப்பதற்குச் சமம். மட்டம் உயரும், ஓட்டைகள் அதே அளவில்தான் இருக்கும், வடியும் நேரம் இம்மியும் மாறாது. தொட்டி பெரிதானால் வடிய அதிக நேரமாகும். ஓட்டை பெரிதானால் சீக்கிரம் வடியும். தண்ணீருக்கும் ஒலிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. தொட்டியில் ஓட்டை அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பது பெரிய விஷயம். அரங்கம் முழுக்கப் பரவி நிரம்பிய ஒலிக்கோ, ஓட்டை கூரையில் இருந்தாலும் தரையில் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பல்நோக்கு அரங்கைக் காப்பாற்றும் வழி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் புதிதாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்த விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். காலிக் கூடத்தில் ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. அருகிலிருந்த சாண்டர்ஸ் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்துவிட்டு, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். தன் சட்டையும் ஒலியை உட்கவரும் என்பதால் சோதனை நாள்களில் ஒரே உடையை அணிந்தார். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது என்பதால் அதையே முழு உட்கவர்ச்சிக்கு அளவுகோலாக வைத்தார். அரங்கின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடியில் கிடைக்கும் என்ற சூத்திரம் அவருடையது. அதை வைத்துத் திட்டமிட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று.

இப்போது நம் ஊர்க் கல்லூரி அரங்கம் ஒன்றைக் கணக்கில் கட்டிப் பார்ப்போம். நீளம் 30 மீட்டர், அகலம் 20, உயரம் 8. கன அளவு 4,800 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 2,000 சதுர மீட்டர். கதவு, கண்ணாடி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் தாராளமாகக் கணக்கில் எடுத்தாலும் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்குதான் உட்கவரும். அதாவது, இவ்வளவு பெரிய தொட்டியில் 100 சதுர மீட்டர்தான் ஓட்டை. சூத்திரத்தில் போட்டால் 7.7 நொடி வருகிறது.

மேடையில் ஒருவர் ‘மாணவர்களே’ என்கிறார். நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். ஓர் அசைக்கு 0.2 நொடி என்று வைத்துக்கொள்வோம். 7.7 நொடி அரங்கில் அந்த நேரத்தில் ஒலி 1.6 டெசிபல்தான் இறங்கும். ‘ண’ வரும்போது ‘மா’வின் ஆற்றலில் நூற்றுக்கு எழுபது பங்கு இன்னும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் ‘வர்’, அதன் மேல் ‘க’, அதற்கும் மேல் ‘ளே’. உயிரொலிகளுக்கு வலு அதிகம், மெய்யொலிகளுக்குக் குறைவு. பழைய உயிரொலிகளின் வெள்ளத்தில் புதிய மெய்யொலிகள் மூழ்கிவிடும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. அதே அரங்கில் எதிர்முழக்க நேரம் ஒரு நொடியாக இருந்தால், அந்த 0.2 நொடியில் 12 டெசிபல் இறங்கும். முந்தைய அசையில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மிஞ்சும். எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

இனி மாணவர்களை உள்ளே விடுவோம். ஒரு மனித உடல், உடையோடு சேர்த்து, ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். 500 பேர் உட்கார்ந்தால் 225 சதுர மீட்டர். கட்டடம் முழுவதும் தரும் ஓட்டையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாணவர்களின் உடலே தருகிறது! எதிர்முழக்கம் 2.4 நொடிக்கு இறங்கிவிடும். ஆண்டு விழாவில் ஓரளவு புரிந்த பேச்சு, நூறு பேர் வந்த விவாதப் போட்டியில் சுத்தமாகப் புரியாமல் போவது இதனால்தான். நூறு பேர் இருந்தால் 5.3 நொடி.

இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்ட கலையரங்கில் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு உண்டு. மெத்தை வைத்த இருக்கை, அதில் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு உட்கவருமோ கிட்டத்தட்ட அவ்வளவைக் காலியாக இருக்கும்போதும் உட்கவரும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அரங்கம் ஒரே மாதிரி ஒலிக்கும். பல்நோக்கு அரங்கில் அந்த வசதி கிடையாது. பூப்பந்து ஆட நாற்காலியை எடுத்தாக வேண்டும். அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒலியை உட்கவராது. தரை தினமும் மாறும். எனவே மாறாத இடத்தில்தான் ஓட்டை போட வேண்டும். அந்த இடம் கூரை.

மேடைக்கு மேலுள்ள 100 சதுர மீட்டரைக் கடினமாகவே விட்டுவிடலாம். அங்கிருந்து இருபதில் ஒரு நொடிக்குள் திரும்பும் ஒலி பேச்சோடு சேர்ந்து அதற்கு வலு கூட்டும். மீதி 500 சதுர மீட்டர் கூரையிலும், பின்சுவரின் மேற்பகுதியில் 100 சதுர மீட்டரிலும், மர இழைப் பலகை போன்ற, நூற்றுக்கு எழுபது பங்கு உட்கவரும் பொருளைப் பதித்தால் காலி அரங்கே 1.6 நொடிக்கு வந்துவிடும். 100 பேர் இருந்தால் 1.4, 500 பேர் இருந்தால் 1.1. ஏழிலிருந்து இரண்டுக்குத் தாவிய எண், இப்போது அரை நொடிக்குள் அடங்கிவிட்டது. கூட்டத்தின் அளவு இனி பெரிய கவலை இல்லை. உயரத்தில் இருப்பதால் பலகையும் எளிதில் உடையாது.

இதன் மேல் பக்கச் சுவர்களில் 200 சதுர மீட்டர் கனத்த திரையை இழுத்து விடவும் ஒதுக்கவும் முடிகிற மாதிரி தொங்கவிடுங்கள். திரை விரிந்தால் நிறைந்த அரங்கம் ஒரு நொடிக்குச் சற்றுக் கீழே இறங்கும், கருத்தரங்குக்கு ஏற்றது. திரையை ஒதுக்கினால் சேர்ந்திசைக்குச் சற்று நிறைவு கூடும். திரையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடக் கூடாது. சுவரை ஒட்டிய காற்று அசையாது; அசையும் காற்றைத்தான் துணி மடக்கிப் பிடிக்கும். 10, 15 சென்டிமீட்டர் தள்ளி, மடிப்பு மடிப்பாக விட வேண்டும். அப்படியும் பறை, டிரம்ஸ் போன்றவற்றின் தாழ்ந்த ஒலியைத் திரை பிடிக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதற்கு, பின்னால் காற்றிடைவெளி விட்டு அடித்த மெல்லிய ஒட்டுப்பலகைதான் சரி.

நகரும் தடுப்புச் சுவர் இவ்வளவையும் செய்துவிடாதா? செய்யாது. அரங்கைப் பாதியாக்கினால் கன அளவு பாதியாகும், உட்கவர் பரப்பும் ஏறக்குறையப் பாதியாகும். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பழைய எண்தான். பூச்சுச் சுவர் அரங்கில் 7.7 நொடி 6.6 ஆகும், அவ்வளவே. பக்கத்துக் கூடத்துக்குச் சத்தம் போகாமல் தடுப்பது தனி வேலை. 20 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரத் தடுப்பின் அடியில் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும்: 50 டெசிபல் தடுக்கும் என்று எழுதி வாங்கிய சுவர் 30 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நூறு மடங்கு ஆற்றல் கூடுதலாகக் கசியும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, உண்மையான கூரை வரைக்கும் தடுப்பை எழுப்பாமல் விட்டால் இன்னும் மோசம். விலையுயர்ந்த தடுப்பை வாங்கி அடியில் ரப்பர் பட்டை போடாமல் விட்டுவிடுவது வீண் செலவு.

நெகிழ்வு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பாரிஸில் ஓர் உதாரணம் உண்டு. இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் 1978-இல் திறக்கப்பட்ட ஆய்வரங்கின் சுவரிலும் கூரையிலும் முப்பட்டகங்கள் சுழலும். ஒரு முகம் ஒலியை உட்கவரும், ஒரு முகம் திருப்பி அனுப்பும், ஒரு முகம் சிதறடிக்கும். கூரையையே ஏற்றி இறக்கலாம். எதிர்முழக்கத்தை 0.4 நொடியிலிருந்து 4 நொடி வரை மாற்ற முடியும். அற்புதமான கருவி, ஆனால் ஆய்வுக்கூடத்துக்கானது. கல்லூரிக்குத் திரையும் கூரைப் பலகையும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மலிவாகக் கிடைக்கிறது என்று பஞ்சு நுரையை ஒட்டிவிடாதீர்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியா நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் கூடியிருந்த இரவு விடுதியில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி கூரையில் ஒட்டியிருந்த நுரையைப் பற்றிக்கொண்டது. 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது அந்த நுரை கக்கிய நச்சுப் புகை. தீப்பற்றாத பொருள் என்ற சான்றில்லாத எதையும் மாணவர்களின் தலைக்கு மேல் ஏற்றக் கூடாது.

பழைய கல்லூரிக் கூடங்களில் பேச்சு ஏன் நன்றாகக் கேட்டது என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு காரணம், ஜன்னல்கள் திறந்திருந்தன. சபைனின் அளவுகோலே திறந்த ஜன்னல்தான் அல்லவா? இரண்டு சதுர மீட்டர் ஜன்னல்கள் இருபதைத் திறந்தால் நம் பூச்சுச் சுவர் அரங்கில் 7.7 நொடி 5.5 ஆகிவிடும். ஏசி போட்டு ஜன்னல்களை அடைக்கும்போது வெளிச்சத்தம் வருவது நிற்கும். உள்சத்தம் வெளியேறும் வழியும் அடைபடும். ஏசிக்குப் பணம் ஒதுக்கும்போதே கூரைக்கும் ஒதுக்க வேண்டும்.

கல்லூரி நிர்வாகத்துக்கும் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். அரங்கத்துக்கான டெண்டரில் ஒரு வரியைச் சேருங்கள்: ‘நூறு பேர் அமர்ந்திருக்கும்போது எதிர்முழக்க நேரம் ஒன்றரை நொடிக்கு மிகக் கூடாது; அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை.’ அளப்பதற்கு ஒரு பலூனை உடைத்துச் செல்பேசிச் செயலியில் பதிவுசெய்தாலே தோராயமான விடை கிடைத்துவிடும். கட்டி முடித்தாகிவிட்டது என்றால், ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தைக் கூரைக்குத் திருப்புங்கள். நகரும் சுவரை அடுத்த ஆண்டும் வாங்கலாம். கூரை முதலில்.