எல். ஈ. டி. விளக்கின் வெப்பத்தை அகற்றுதல்

வயற்காவற் கொட்டில்களிலும், பூச்சிகளைக் கவரும் ஒளிப்பொறிகளிலும், நாற்று வளர்க்கும் பாதுகாப்பு இல்லங்களிலும் இப்பொழுது சூரியசக்தியால் இயங்கும் எல். ஈ. டி. விளக்குகள் பயன்படுகின்றன. கமக்காரர் சிலர் உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே பொருத்துகின்றனர். வேறு சிலர் ஊரில் வானொலி திருத்துவோரைக் கொண்டு செய்விக்கின்றனர். முறைதவறிப் பொருத்திய விளக்கு ஒரு போகம் முடியுமுன்னரே மங்கிவிடக்கூடும். யானைக்குக் காவலிருப்பவருக்கு நள்ளிரவில் விளக்கு அணைவது சிறு நட்டமன்று.

எல். ஈ. டி. சூடேறாத விளக்கு என்பது தவறான எண்ணம். இழைக்குமிழ் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிராக முன்னே வீசிவிடுகிறது. எல். ஈ. டி.யின் ஒளியிலோ வெப்பம் மிகச் சிறிது. ஆயினும் அது பெறும் மின்சக்தியில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வெப்பமாகவே மாறி, நெல்மணியிலும் சிறிய துண்டொன்றினுள் தங்குகின்றது. அது பின்புறமாக, அடிப்பாகத்தின் வழியே மட்டுமே வெளியேற முடியும்.

ஆதலால் விளக்கைத் தாங்கும் பலகையே முதலிற் கவனிக்கத்தக்கது. வானொலிகளிற் காணப்படும் கண்ணாடியிழைப் பலகை வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். அலுமினியம் அதனிலும் பல நூறு மடங்கு நன்கு கடத்தும். 3 உவாற்று விளக்கொன்று 2 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு உவாற்று வெப்பத்துக்கும் விளக்கின் அடியில் 8 பாகையும், அலுமினியப் பலகையில் 4 பாகையும், பசையில் 1 பாகையும், சிறகுத் தகட்டில் 15 பாகையும் ஏறுமாயின் மொத்தம் 28. இரண்டு உவாற்றுக்கு 56 பாகை. காற்று 34 பாகை செல்சியசாயின் விளக்கின் உள்ளே 90 பாகை இருக்கும். இது தாங்கத்தக்கது. அலுமினியப் பலகைக்குப் பதிலாக 35 பாகை ஏற்றும் கண்ணாடியிழைப் பலகையை இட்டால் உள்வெப்பம் 152 பாகையாகிவிடும். பெரும்பாலான எல். ஈ. டி.களின் உச்ச வரம்பே 125 முதல் 150 பாகை வரைதான். கண்ணாடியிழைப் பலகையைத் தவிர்க்க முடியாதவிடத்து, விளக்கின் அடியிற் செம்பு பூசிய சிறு துளைகள் பல உள்ளதைத் தெரிக.

விளக்கின் நடு அடிப்பட்டை முழுவதும் பற்றாசு பிடித்திருத்தல் வேண்டும். இரு முனைகளை மட்டும் ஒட்டிவிடுதல் போதாது. வெப்பங்கடத்தும் பசையை மெல்லிதாகவே பூசுக. நிறையப் பூசுவது நன்றெனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் பசை அலுமினியத்திலும் மிகக் குறைவாகவே கடத்துவதால், தடித்த பூச்சு தடையாகிவிடும். சாதாரண ஒட்டுப்பசை இதற்கு உதவாது.

சூடேறிய எல். ஈ. டி.க்குத் தேவையான மின்னழுத்தம் குறைகின்றது. எனவே மின்கலத்துடன் அதனை நேரே இணைத்தால் மின்னோட்டம் பெருகும், வெப்பம் மேலும் ஏறும், ஈற்றில் விளக்கு எரிந்துபோம். 12 உவோற்று மின்கலம் மின்னேறும்போது 14 உவோற்றையும் அடைவதால் இடர் இன்னும் மிகும். மின்னோட்டத்தை மாறாமற் காக்கும் சுற்றொன்று அவசியம்.

மின்கலம் விடியும்வரை நிற்க வேண்டுமாயின் ஒரு விளக்கை முழு மின்னோட்டத்தில் எரிப்பதைவிட, இரண்டை அரை மின்னோட்டத்தில் எரிப்பது சிறந்தது. மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் ஒளி இருமடங்காவதில்லை, மிகுதி வெப்பமாகிவிடும். நாற்றுக்குரிய சிவப்பு எல். ஈ. டி.கள் வெப்பத்தால் வெள்ளையிலும் கூடுதலாக ஒளி குன்றுவதால் அவற்றுக்கு இது பெரிதும் பொருந்தும்.

சிறகுகள் செங்குத்தாக நிற்குமாறு தகட்டைப் பொருத்துக. சூடான காற்று மேலெழ இடம் வேண்டும். மழைக்காக ஒளிப்பொறியை முற்றாக மூடிவிடாது, தகட்டின் முதுகை மறைப்பின் வெளியே விடுக. ஒரு மணி நேரம் எரிந்தபின் தகட்டில் ஐந்து வினாடி விரலை வைக்க முடியாவிடின் அது ஏறக்குறைய 60 பாகையைத் தாண்டிவிட்டது; விளக்கின் உள்ளே அதனிலும் மிகுந்த சூடு இருக்கும். அவ்வாறாயின் பெரிய தகடு இடுக, அல்லது மின்னோட்டத்தைக் குறைக்க. குளவிகள் சிறகுகளுக்கிடையே மண்கூடு கட்டுவதுண்டு. விதைப்புக்கு முன் அதனையும் தூசியையும் உலர்ந்த தூரிகையால் அகற்றுக.