காலராவின் நஞ்சு யாருடையது?

ஒரகடத்தில் நிசான் மைக்ராவும் ரெனால்ட் பல்ஸும் ஒரே ஆலையில் உருவான காலம் உண்டு. முகப்பும் சின்னமும் வேறு, உள்ளே பெரும்பாலும் ஒன்றேதான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களும் இப்படிப் பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். இரண்டு ஃபேஜ்கள் ஒரே சமயத்தில் ஒரே பாக்டீரியாவுக்குள் புகுந்தால் போதும்.

1940களின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் ஹெர்ஷி டி2 ஃபேஜில் இதைக் காட்டினார். வெவ்வேறு மரபு மாற்றம் கொண்ட இரு வகைகளை ஒன்றாக ஈ. கோலை பாக்டீரியாவில் விட்டார். பிறந்த வாரிசுகளில் சிலவற்றில் இரண்டு மாற்றங்களும் சேர்ந்திருந்தன, சிலவற்றில் இரண்டுமே இல்லை! இந்தக் கலப்பில் டி.என்.ஏ. நிஜமாகவே அறுந்து ஒட்டுகிறது என்பதை மெசல்சனும் வைகிலும் 1961இல் லாம்டா ஃபேஜில் நிறுவினார்கள்.

லாம்டாவின் 'எக்ஸோ' புரதம் இரட்டை இழையில் ஒன்றை முனையிலிருந்து அரித்துக்கொண்டே போகும். தனித்து நிற்கும் மறு இழையை 'பீட்டா' பற்றி, பொருந்தும் வரிசையுள்ள வேறொரு இழையோடு சேர்க்கும். பீட்டா அப்படியொன்றும் கறார் இல்லை. எழுத்துகள் சற்றுப் பிசகினாலும் ஒட்டிவிடும். தூரத்து உறவு ஃபேஜ்களும் கலந்துபோக இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடச் சமாச்சாரம்தானே என்று சென்னைக்காரர்கள் ஒதுக்க முடியாது. 1992இன் பிற்பகுதியில் மெட்ராஸில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அங்கிருந்து கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. எல் டோர் என்ற பழைய வகைக் காலராக் கிருமிதான், மேலுறையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் மட்டும் மாறியிருந்தன. அதனால் பழைய காலராவால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி உதவவில்லை, பெரியவர்களே அதிகம் படுத்தார்கள்.

உறை மாறியும் நஞ்சு மாறவில்லை. அந்த நஞ்சின் மரபணுவோ கிருமிக்குச் சொந்தமே அல்ல. சிடிஎக்ஸ் என்ற இழை வடிவ ஃபேஜ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் கண்டுபிடித்தார்கள். குரோமோசோமில் நுழைய அது தன் கருவியைக்கூடக் கொண்டுவருவதில்லை. கிருமி தன் குரோமோசோம்களைப் பிரித்துக்கொள்ள வைத்திருக்கும் ஸெர்சி, ஸெர்டி நொதிகளையே பயன்படுத்திக்கொள்கிறது.

ஃபேஜே நஞ்சு மரபணுவைக் கொண்டுவரக்கூடும் என்பது ஃபேஜ்களை மருந்தாக்க முனைபவர்களுக்கு நேரடித் தலைவலி. மரபணுத் தொகுப்பை முழுவதும் படித்து, குரோமோசோமில் ஒட்டவைக்கும் இன்டெகிரேஸ் மரபணு இருந்தால் அந்த ஃபேஜைக் கழித்துவிடுகிறார்கள். சிடிஎக்ஸில் அந்த மரபணுவே கிடையாது. ஆகவே நஞ்சு மரபணுக்களையும் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.