மூங்கிலில் எழும் கலை

கொல்கத்தா நகரில் துர்க்கா பூஜையின்போது தெருக்களிலும் மைதானங்களிலும் எழுப்பப்படும் பந்தல்கள், கட்டுமானப் பொருள்களால் அமைந்த தற்காலிகக் கலைப்படைப்புகளாகும். மூங்கிற் கழிகளைக் கயிற்றால் பிணைத்துச் சட்டம் அமைக்கின்றனர். அதன்மேல் துணியும் ஒட்டுப்பலகையும் சணலும் கோயிலாகவோ, கிராமமாகவோ, சமூகப் பிரச்சினையின் சித்திரமாகவோ உருப்பெறுகின்றன. பல வாரங்களின் உழைப்பு சில நாட்களே நிற்கிறது.

எனினும் இதனை வீண்செலவு எனக் கருதுதல் பொருந்தாது. பந்தல் பிரிக்கப்பட்டதும் மூங்கில் வாடகைக்கு அளித்தவரிடம் திரும்பி, மற்றொரு பணிக்குப் பயன்படுகிறது. வடிவம் மறைகிறது, பொருளும் தொழில்திறனும் எஞ்சுகின்றன. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தா துர்க்கா பூஜையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பொருளாதாரக் கணக்கு மேலும் சிந்திக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டு விழாவையொட்டிய படைப்புத் தொழில்களின் மதிப்பை 32,377 கோடி ரூபாய் என பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. இதில் சில்லறை வணிகத்தின் பங்கு 27,364 கோடி; பந்தல் அமைப்பின் பங்கோ 860 கோடி மட்டுமே. மக்களைத் திரளச் செய்வது பந்தல். பெரும்பயன் அடைவது கடைவீதி. எனவே பூஜைக் காலம் கடந்தும் இக்கைவினைஞர்களுக்கு வேலை கிடைக்க வழிகோலுவதே அவர்தம் கலைக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.