உரிமையும் உரிமமும்: துப்பாக்கி குறித்துச் சில குறிப்புகள்

தேர்தல் தேதி அறிவித்தால் திருவேங்கடம் சுற்றுவட்டாரத்திலும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் முடிந்ததும் அவை வீடு திரும்பும். எந்தத் தெருவிலிருந்து போகின்றன, எந்தத் தெருவுக்குத் திரும்புகின்றன என்று பார்த்தாலே போதும். நிலம் யார் கையில் இருக்கிறது என்று தனியாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை.

“அமெரிக்காவுல துப்பாக்கி வச்சுக்கிறது அடிப்படை உரிமைங்கிறான். நம்ம சிவில் உரிமைக்காரங்க அதப் பத்தி வாயே திறக்கிறதில்லையே, ஏன் தோழர்?” என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலுக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம்.

நெற்கட்டும்செவல் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு கம்பெனி அரசு தெற்கில் ஆயுதங்களைத் தடை செய்தது, கோட்டைகளை இடித்தது. 1878-இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டு ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் அதைத் தளர்த்தக் கோரியது. 1931 கராச்சித் தீர்மானம் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. ஆக, ‘ஆயுத உரிமை’ இறக்குமதிச் சரக்கு அல்ல. காலனிய எதிர்ப்புச் சொல்லாடலுக்குள்ளும் அதற்கு இடம் இருந்தது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சபையும் நிராகரித்தது. பிரிவு 19 தருவது ‘ஆயுதமின்றி’க் கூடும் உரிமை மட்டுமே. 1959 ஆயுதச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. உரிமை என்பது நாம் கேட்டு வாங்குவது. உரிமம் என்பது அரசு ஆள் பார்த்துக் கொடுப்பது. பார்க்கிற கண்ணுக்குச் சாதி உண்டு என்பதுதான் சிக்கல்.

சரி, காமத் கேட்டது கிடைத்திருந்தால்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது துப்பாக்கி நிலவுடைமையாளர் தரப்பில் இருந்தது. எல்லோருக்கும் உரிமை என்று எழுதி வைத்தாலும், வாங்கக் காசுள்ளவன் வீட்டுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும்.

நம் சிவில் உரிமை இயக்கம் வேறு இடத்திலிருந்து கிளம்பியது. 1936-இல் நேருவின் முயற்சியில் உருவான சிவில் உரிமைச் சங்கமாகட்டும், 1976-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பாகட்டும், அவற்றின் கண் அரசு வன்முறைமீதே இருந்தது. சல்வா ஜூடும் விவகாரத்தில் பழங்குடி இளைஞர் கையில் அரசே துப்பாக்கி கொடுத்ததை உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆனால் இந்த நிலைப்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆயுதம் அரசிடம் மட்டுமே இருக்கிறது என்ற அனுமானம் ஊருக்குள் செல்லாது. 1992-இல் திருவேங்கடத்தை அடுத்த குறிஞ்சாக்குளத்தில் நான்கு தலித்துகளைக் கொன்றது அரசு அல்ல.

மூன்றாண்டுகள் கழித்து, 1995-இல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் வந்தன. விதி 3-ஐப் படித்துப் பார்க்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடும் எனக் கருதப்படும் பகுதியில் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம். அவர்களுடைய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமமும் இதில் அடங்கும். ஒரு கையிலிருந்து வாங்கினால் துப்பாக்கி எந்தக் கைக்கு மாறும் என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தேவையென்றால், பாதுகாப்புக்காகத் தலித், பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் அதே விதி இடம் தருகிறது.

இரண்டாவது பாதிதான் நமக்குக் கவர்ச்சியாகத் தெரியும். “எங்களுக்கும் துப்பாக்கி கொடு” என்பது மேடையில் கைதட்டல் வாங்கும். சல்வா ஜூடும் போல அரசுக்காகச் சுடச்சொல்லிக் கொடுப்பது அல்ல அது. தன் உயிரைக் காத்துக்கொள்ளத்தான். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாலு வீட்டுக்கு உரிமம் கொடுத்துவிட்டு, “பாதுகாப்பு கொடுத்தாச்சு” என்று அரசு கையைக் கழுவிக்கொள்ளும். போலீஸ் வராததற்கு அதுவே சாக்காகும்.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது முதல் பாதியை. ஆதிக்கத்தின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கு என்பதும் ஒரு சிவில் உரிமைக் கோரிக்கைதான். இதற்கு மாநாடு வேண்டாம். 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு போடலாம்: விதி 3-இன்கீழ் இதுவரை எத்தனை உரிமங்களை ரத்து செய்தீர்கள்? எத்தனை கொடுத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி.