வெளிநாட்டு விருந்தாளிக்கு இ-விசா: உங்கள் கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

ரமணாசிரமம் பகுதியில் வீடு இருந்தால் சீசன் எப்போது தொடங்குகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை தீபம் முடிந்ததும் செங்கம் சாலையில் சைக்கிளில் போகும் வெளிநாட்டவர் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு அக்டோபரிலேயே இமெயில் வர ஆரம்பித்துவிடும். "ஜனவரியில் வருகிறேன், அறை இருக்கிறதா, விசாவுக்கு உங்கள் முகவரி வேண்டும்" என்று கேட்பார்கள். மலேசியக் குடியுரிமை பெற்ற பெரியம்மாவோ, பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "நீயே போட்டுக் கொடுப்பா, உன்கிட்டதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று சொல்லிவிடுவார்.

போட்டுக் கொடுக்கலாம். ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் தவிக்கப் போவது அவர்தான். எனவே நிதானமாகச் செய்யுங்கள்.

இந்தியாவுக்கு வர ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வசதி 2014 நவம்பர் 27-ல் தொடங்கியது. அன்று திறந்த 9 விமான நிலையங்களில் சென்னையும் ஒன்று. இன்று இதை இ-விசா என்கிறோம். சுற்றுலா, நண்பர் உறவினரைப் பார்ப்பது, குறுகிய கால யோகா பயிற்சி ஆகியவற்றுக்கு இ-டூரிஸ்ட் விசா போதும். 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகை உண்டு. 30 நாள் விசா, அவர் இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து கணக்கு. மற்ற இரண்டும் அனுமதி வழங்கிய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. பயணத்துக்குக் குறைந்தது 4 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 30 நாள் விசாவுக்கு 30 நாளுக்கு முன்பாகவும், மற்றவற்றுக்கு 120 நாளுக்கு முன்பாகவும் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பிக்கும்போது அவர் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கு விசாவே தேவையில்லை.

முதல் ஆபத்து கூகுளில் இருக்கிறது. "இந்தியா விசா" என்று தேடினால் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே அசோகச் சின்னம் நிறத்தோடு இருக்கும். அவை தனியார் ஏஜென்ட்டுகள். கட்டணத்தைப் பல மடங்கு வாங்குவார்கள். அரசுத் தளத்தின் முகவரி "இந்தியன்விசாஆன்லைன்" என்று தொடங்கி "ஜிஓவி டாட் இன்" என்று முடியும். ப்ரவுசரின் அட்ரஸ் பாரில் அந்த முடிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு எழுத்து டைப் செய்யுங்கள். பிறகு அதை புக்மார்க் செய்துவிடுங்கள். அடுத்த முறை தேடவே வேண்டாம்.

படிவம் நீளமானது. முதல் பக்கம் முடிந்ததும் ஒரு தற்காலிக விண்ணப்ப எண் வரும். அதைப் பேப்பரில் எழுதி வையுங்கள். கரண்ட் போனாலும், நேரம் கடந்து தளம் உங்களை வெளியேற்றினாலும், அந்த எண் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எண் இல்லையென்றால் முதலிலிருந்துதான்!

பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தேதியில் கவனம் தேவை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். இங்கே நாள்தான் முதலில். மார்ச் 4-ல் பிறந்தவரை ஏப்ரல் 3-ல் பிறந்தவராக்கிவிட இந்த ஒரு குழப்பம் போதும். ப்ரவுசரின் ஆட்டோஃபில் வசதியையும் நம்பாதீர்கள். அது அவர் கட்டத்தில் உங்கள் பெயரையும் பின்கோடையும் நிரப்பி வைத்துவிடும். பாஸ்போர்ட் இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியாவில் தெரிந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர், முகவரி, போன் எண் போகும். அறிமுகமே இல்லாத ஒருவர் இமெயிலில் கேட்டதும் கொடுத்துவிடாமல் யோசித்துக் கொடுங்கள்.

இனி படமும் பாஸ்போர்ட் பக்கமும். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். போட்டோ ஜேபெக் பைலாக, 10 கேபி முதல் 1 எம்பிக்குள், அகலமும் உயரமும் சமமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம் பிடிஎஃப் பைலாக 10 கேபி முதல் 300 கேபிக்குள் இருக்க வேண்டும். இன்றைய செல்போனில் எடுக்கும் படமோ 3 எம்பி, 4 எம்பி என்று இருக்கும்.

பைல் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அளவும் வகையும் தெரியும். ஐபோனில் எடுத்த படம் "ஹெச்இஐசி" என்று இருக்கலாம். பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் பைல் வகை மாறாது. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவாரா? அனுப்புபவரிடமே ஜேபெக் ஆக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், பாஸ்போர்ட் எண் மங்கிப் போகும். "டாக்குமென்ட்" என்ற வழியில் அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

விண்டோஸில் உள்ள பெயின்ட் போதும், தனி சாப்ட்வேர் வேண்டாம். படத்தைத் திறந்து, செலக்ட் கருவியால் முகமும் தோளும் வரும்படி சதுரமாகக் கட்டம் போட்டு க்ராப் செய்யுங்கள். கீழே நிற்கும் எண்கள் இரண்டும் சமமா என்று பாருங்கள். பிறகு ரீசைஸில் பிக்ஸல் என்பதைத் தேர்ந்து 800 கொடுத்து, சேவ் ஆஸ் மூலம் ஜேபெக் ஆகப் புதுப் பெயரில் சேமியுங்கள். மூலப்படத்தை அழிக்காதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தையும் இதேபோல் சுருக்கி, பிரின்ட் கொடுக்கும் இடத்தில் பிரின்டருக்குப் பதிலாக "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப் தயார். 300 கேபியைத் தாண்டினால் படத்தை இன்னும் கொஞ்சம் சுருக்குங்கள். பக்கத்தின் அடியில் உள்ள அம்புக்குறி வரிசைகள் படிக்கும்படி இருப்பதுதான் எல்லை.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். கட்டினால் திரும்பாது, விசா மறுக்கப்பட்டாலும் கூட. பணம் எடுக்கப்பட்டும் தளத்தில் காட்டவில்லையென்றால் அவசரப்பட்டு மறுபடி கட்டாதீர்கள். முதலில் அங்கேயே பேமென்ட் நிலையைச் சரிபாருங்கள். அனுமதி வந்ததும் அதைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் வருகை அட்டையையும் ஆன்லைனில், வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் ஏமாற்று வேலை.

விருந்தாளி வந்து பையை இறக்கியதும் உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், லாட்ஜ் ஆனாலும் வீடு ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். எங்கும் "சி ஃபார்ம்" என்று பேசப்படுவது இதுதான். 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1-ல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. "இந்தியன்எஃப்ஆர்ஆர்ஓ" என்று தொடங்கி ஜிஓவி டாட் இன் என்று முடியும் தளத்தில் முதலில் வீட்டு உரிமையாளராகப் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். அது உடனே கிடைத்துவிடாது. சீசனுக்கு முன்பே செய்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் இதற்கான பிரிவில் கேளுங்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியா வந்த நாள், உங்கள் வீட்டுக்கு வந்த நாள், அடுத்துப் போகும் ஊர் எல்லாம் கேட்பார்கள். அறைச் சாவி கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டையும் விசா முத்திரைப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டால் இரவில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் பாஸ்போர்ட் படங்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் செய்திருந்தால் லாக் அவுட் கொடுத்து, பிரின்டர் தட்டில் பக்கம் எதுவும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். விருந்தாளி புறப்பட்டுப் போகும் தேதியையும் அதே தளத்தில் பதிய வேண்டும்.