மலை முகட்டில் வீடு, கண்ணெதிரே கடல்



கடலைக் காணக் கரைக்குத்தான் போக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஊவா மலைகளின் தெற்கு விளிம்பில் வாழ்வோருக்கோ வீட்டு முற்றத்திலிருந்தே கடல் தெரிவதுண்டு. கொழும்பு உறவினர்களிடம் இதைச் சொன்னால் நம்பத் தயங்குவார்கள். தெளிந்த வானமுள்ள ஒரு விடியற்காலையில் அவர்களை ஹப்புத்தளைக்கு அழைத்துவந்து காட்டுங்கள்.

ஹப்புத்தளை நகரம் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய ஒரு முகட்டின் மீது அமர்ந்திருக்கிறது. வடக்கே ஊவாவின் மலைகள். தெற்கே நிலம் திடீரெனச் சரிந்து சமவெளியில் இறங்குகிறது. அச்சமவெளி அம்பாந்தோட்டைக் கரைவரை நீள்கிறது.

இவ்வளவு தூரத்துக் கடல் எப்படித் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமி உருண்டையானது. ஆகவே கரையில் நிற்பவரின் பார்வை ஐந்து கிலோமீற்றருக்குள் அடிவானத்தில் முடிந்துவிடும். உயரம் கூடக் கூட அடிவானமும் விலகிப் போகும். 1,430 மீற்றர் உயரத்தில் அது 130 கிலோமீற்றருக்கும் அப்பால் சென்றுவிடுகிறது. தென்கடலோ நேர்கோட்டில் 75 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. பகல் ஏற ஏற ஈரக்காற்று மலைமேல் வந்து மூடுபனியாகிவிடும். ஸுப்ஹுத் தொழுததும் புறப்படுவதே நல்லது.

உச்சியில் அமர்ந்தவர்கள்

இக்காட்சியின் அருமையை வெள்ளைக்காரர் நன்கு அறிந்திருந்தார்கள். தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே, சுமார் 1,970 மீற்றர் உயரத்தில் 'லிப்டன் சீட்' இருக்கிறது. 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்வையிட்ட இடம் என்று அதைச் சொல்வர். ஹப்புத்தளைக்கு மேற்கே, சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய 'அடிஷம்' கல் மாளிகை நிற்கிறது. இன்று அது கிறிஸ்தவத் துறவிகளின் மடம். அதையொட்டிய தங்கமலைக் காடு பறவைகளின் சரணாலயம். நீல உடலும் செங்கபிலத் தலையும் சிவந்த அலகும் கொண்ட ஒரு பறவையை இலங்கையின் இத்தகைய காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் காணமுடியாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இம்மலைகளில் வறண்ட காற்று வீசும். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மறுபக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு வருவதே காரணம். அந்தக் காற்றில் வளரும் கொழுந்துக்குத் தனி வாசனை உண்டு. 'ஊவாத் தேயிலை' என்று உலகம் விரும்பிக் குடிப்பது அதைத்தான்.

அந்தக் கொழுந்தைப் பறிக்கும் சகோதரிகளும் நாள் முழுவதும் இதே காட்சிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். ஆனால் குனிந்த தலைக்குக் கடல் எங்கே தெரியும்? பல தோட்டங்களில் துரை பங்களா உயரத்தில். தொழிலாளர் லயம் சரிவில், பள்ளத்தில். அந்த லயத்துக்குக் கீழே உள்ள நிலமும் அவர்களுக்குச் சொந்தமில்லை.

சரிவு தரும் அச்சம்

ஐப்பசி, கார்த்திகையில் ஊவாவுக்குப் பெருமழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் புதையுண்டனர். ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக்கிடமின்றி மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைக் கண்டது.

ஆகவே சகோதரிகளே, மலைவீட்டில் வாழும் நாம் தூரத்துக் கடலைப் பார்க்கும் கண்ணால் வீட்டின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். மலை பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, காரணமின்றி இறுகும் கதவு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, புதிதாகக் கசியும் நீர் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். நாள் முழுவதும் வீட்டிலிருக்கும் பெண்களின் கண்ணுக்கே இவை முதலில் படும். "இந்தப் பொம்பிளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்று யாரும் சொன்னால் வாய்மூடி இருந்துவிடாதீர்கள்.

குசினியைப் பெரிதாக்க மண்மேட்டை வெட்டாதீர்கள். மழைநீர் ஓடும் கானை அடைபடாமல் வைத்திருங்கள். அடையாளம் கண்டால் பிள்ளைகளுடன் உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியேறச் சொன்னால், சாமான்களுக்காகத் தாமதிக்க வேண்டாம். பக்கத்து லயத்தில் இருப்பவர் எந்த மதத்தவரானாலும் அவர் கதவையும் தட்டுங்கள். அது அண்டை வீட்டாரின் உரிமை.

இம்மலைகள் அல்லாஹ் நமக்களித்த அருட்கொடை. அவற்றில் வாழும் உயிர்கள் அமானிதம். விடுமுறைக்கு ஹப்புத்தளை வரும் சகோதரிகளே, கடலைக் கண்டு 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லும்போது, கீழே சரிவில் தெரியும் லயத்துக் கூரைகளையும் பாருங்கள். அங்கு உறங்கும் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். அவர்களுக்கு உறுதியான நிலத்தில் ஒரு வீடு கிடைக்க உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்.